பாயில்ட் வுல் கோட்: தேர்ந்தெடுப்பதிலிருந்து கோடையில் எடுத்து வைப்பது வரை

அக்டோபர் பிறந்தால் மியூனிக்கில் புதிதாக வந்திறங்கிய தமிழ்ப் பிள்ளைகளோடு கோட் வாங்கக் கடை ஏறுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. எதை வாங்குவது என்று தெரியாமல் திணறுகிறவர்கள் ஒரு பக்கம். நல்ல கோட்டாகப் பார்த்து வாங்கிவிட்டு, முதல் கறை பட்டதுமே வாஷிங் மெஷினில் போட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவுக்குச் சுருக்கிவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். ‘பாயில்ட் வுல்’ என்கிற இந்தக் கம்பளித் துணி எப்படி உண்டாகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு கஷ்டமும் தீரும்.

கம்பளி நூலை முதலில் தளர்வாகப் பின்னுகிறார்கள். பிறகு வெந்நீரும் சோப்பும் சேர்த்து அடித்து அலசுகிறார்கள். கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரத்திலும் சூட்டிலும் அவை தூக்கிக்கொண்டு நிற்கும். அசைக்க அசைக்க ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். மாட்டியது பிரியாது. அகலமாக இருந்த பின்னல் கணிசமாகச் சுருங்கித் தடித்து, வெட்டினாலும் நூல் பிரியாத துணியாகிவிடும். சூடு, ஈரம், அசைவு ஆகிய மூன்றும் வீட்டில் மறுபடி ஒன்றுசேர்ந்தால் சுருங்கல் விட்ட இடத்திலிருந்து தொடரும். கீழே ‘செய்யாதீர்கள்’ என்று வருவதில் பெரும்பகுதி இந்த மூன்றையும் சேரவிடாமல் தடுப்பதற்குத்தான்.

இந்தத் துணியை ஜெர்மனி, ஆஸ்திரியா கடைகளில் ‘வால்க்’ என்று கேளுங்கள். இத்தாலியின் தென் டிரோல் பக்கம் ‘லானா கோட்டா’. பக்கத்திலேயே தொங்கும் ‘லோடன்’ வேறு வகை: அது பின்னாமல் நெய்து, பிறகு இதேபோல் சுருக்கிய துணி. காற்றை அது இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் வால்க் அளவுக்கு உடம்போடு வளைந்துகொடுக்காது.

1. உள்ளே என்ன போடுவீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே இது முடிவாக வேண்டும். அளவு, நீளம், கைச்சுற்று எல்லாம் இதை வைத்துத்தான் அமையும். பனியனும் மெல்லிய ஸ்வெட்டரும் போடுகிறவருக்குச் சரியாக இருக்கும் கோட், தடித்த ஸ்வெட்டர் போடுகிறவருக்கு அக்குளில் பிடிக்கும்.

மியூனிக்கில் ஜனவரி பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். சில இரவுகள் மைனஸ் 10க்கும் இறங்கும். நடுத்தரத் தடிமன் உள்ள வால்க் கோட் சுமார் 12 டிகிரியிலிருந்து பூஜ்ஜியம் வரை தனியாகத் தாங்கும். அதற்குக் கீழே உள் அடுக்குதான் காப்பாற்றும். ஆகவே குளிர்காலம் முழுக்க இந்த ஒரே கோட் என்றால் ஸ்வெட்டருக்கு இடம் விட்டு வாங்குங்கள்.

கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் புடவை மேல் போடப்போகிறவர்கள் இடுப்புக்குக் கீழே விரிந்து வரும் வெட்டாகப் பாருங்கள். நேர் வெட்டுக் கோட்டில் கொசுவம் புடைத்துக்கொண்டு, கீழ்ப் பட்டன் போட முடியாமல் போகும். நீளம் முழங்காலைத் தாண்டட்டும். இடுப்போடு நின்றால் புடவைக்குள் குளிர் ஏறும். சுரிதார்காரர்கள் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே போட்டுப் பாருங்கள்.

2. கடைக்கு எடுத்துப்போக வேண்டியவை

குளிர்காலத்தில் போடப்போகிற அதே ஸ்வெட்டர், அதே ஷூ, ஒரு டேப். வீட்டில் ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் ஜாக்கெட்டின் தோள் அகலத்தையும் கை நீளத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். எண் சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சென்டிமீட்டர் மாறாது. டி-ஷர்ட்டோடு போய் அளவு பார்த்து வாங்கி வந்தவர்கள் டிசம்பரில் மாற்றக் கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.

3. விலையைப் பார்க்கும் முன் லேபிளைப் படியுங்கள்

உட்பக்க இடுப்புத் தையலில் இருக்கும் சின்ன லேபிள்தான் முக்கியம். அதில் ‘ஷூர்வொல்லே’ என்று இருந்தால், வேறு துணியில் ஏற்கெனவே பயன்படாத புதுக் கம்பளி. 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியத் துணி விதிப்படி அந்தச் சொல்லை மறுசுழற்சிக் கம்பளிக்குப் போட முடியாது. வெறுமனே ‘வொல்லே’ என்றிருந்தால் பழைய துணியைப் பிய்த்தெடுத்த இழையும் கலந்திருக்கலாம். அதுவும் கம்பளிதான், ஆனால் இழை குட்டையாக இருப்பதால் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பொறுக்கு எழும்பும்.

கலப்பு எவ்வளவு என்று அடுத்துப் பாருங்கள். மலிவான கோட்டுகளில் விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) பாதிக்குப் பாதிகூட இருக்கும். விஸ்கோஸில் செதில் கிடையாது, மாட்டிக்கொள்ளாது. துணி தொளதொளவென்று விழும், முழங்கை பிதுங்கும், சூடும் குறைவு. முழுக் கம்பளி நல்லது. பலத்துக்காகக் கொஞ்சம் பாலிஅமைடு (நைலான்) கலந்திருந்தால் பரவாயில்லை. முழங்கை தேய்வது குறையும்.

மூன்றாவது, பராமரிப்புக் குறிகள். தொட்டிக்குள் கை படம் இருந்தால் கையால் அலசலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘பி’ இருந்தால் ட்ரைகிளீன் மட்டும். பிள்ளைகுட்டியோடு இருப்பவர்களுக்கும் சமையலறையை ஒட்டிய சிறிய வீட்டில் இருப்பவர்களுக்கும் கை படம் உள்ளதையே சொல்வேன். ஒவ்வொரு முறையும் ட்ரைகிளீனுக்குக் கொடுத்து மாளாது.

4. துணியைக் கையால் சோதியுங்கள்

கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நிதானமாகச் செய்யுங்கள்.

கோட்டின் கீழ் ஓரத்தை இரு கையாலும் ஒரு சாண் அகலத்துக்குப் பிடித்து லேசாக இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இழுத்தபடியே அலை அலையாக நின்றால் சரியாகச் சுருக்கப்படாத துணி. ஒரே குளிர்காலத்தில் முழங்கையிலும் பின்புறத்திலும் பை விழும்.

அடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் சீராக, மங்கலாகத் தெரிந்தால் நல்லது. புள்ளிப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தால் அந்த இடங்களில் பின்னல் மூடவில்லை; காற்று நேரே உள்ளே வரும்.

இந்த வகைக் கோட்டுகளில் ஓரத்தை மடிக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள். அது குறையல்ல, துணியின் குணமே அது. அந்த ஓரத்தை நகத்தால் மெல்லக் கீறுங்கள். பஞ்சு கொஞ்சம் எழும்பலாம். நூலாகவே உருவிக்கொண்டு வந்தால் கோட்டை ஹேங்கரில் திரும்ப மாட்டிவிடுங்கள்.

கடைசியாக, காலர் உள்பக்கத்தைக் கழுத்தில் வைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். கையில் உறுத்தாத கம்பளி கழுத்தில் உறுத்தும். உறுத்துகிறதா, அந்தக் கோட்டுக்கு எந்நாளும் பருத்தி ஸ்கார்ஃப் வேண்டும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

பழைய துணிக் கடையிலோ சந்தையிலோ வாங்குவதானால் வெளிச்சச் சோதனை கட்டாயம். பூச்சி அரித்த ஓட்டை சிறு குண்டூசித்தலை அளவுதான் இருக்கும். அக்குள், காலர் அடி, பாக்கெட் மூடி ஆகிய இடங்களில் தேடுங்கள். வாங்கினாலும் வீட்டு அலமாரியில் நேரே வைக்காதீர்கள். முதலில் ஃப்ரீசர்; விவரம் 11ஆம் பகுதியில்.

5. போட்டுப் பார்க்கும் வரிசை

முதலில் தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில், அல்லது உள்ளே ஸ்வெட்டர் இருப்பதால் ஒரு விரல் தள்ளி, நிற்க வேண்டும். தோள் சரியில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். தோளைப் பிரித்துத் தைக்கிற கூலியில் பாதிக் கோட் வாங்கிவிடலாம்.

அடுத்து கை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். முதுகு இறுகினால் ஒரு அளவு பெரிதாகப் பாருங்கள். ட்ராமில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையை மேலே தூக்குங்கள். கோட் மொத்தமும் கையோடு ஏறினால் அக்குள் வெட்டு தாழ்ந்திருக்கிறது. தினமும் பாடாய்ப் படுத்தும்.

மூன்றாவது, எல்லாப் பட்டனும் போட்டு நாற்காலியில் உட்காருங்கள். கீழ்ப் பட்டன் இழுபட்டால் அந்த இடத்துத் துணி நாளடைவில் நீண்டுவிடும்.

நீளத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். கையோ கோட்டோ நீளமாக இருந்தால் குறைப்பது இந்தத் துணியில்தான் மிக எளிது. நம்மில் பலருக்கு ஜெர்மன் அளவுகளில் கை நீளமாகத்தான் இருக்கும். அதற்காகத் தோள் சின்னதை எடுத்துவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது.

6. முதல் முறை போடுவதற்கு முன்

நீளத்தைக் குறைப்பதானால் குண்டூசி குத்திக் குறித்து, ஓர் இரவு அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் ஷூவோடு போட்டுப் பார்த்த பிறகு வெட்டுங்கள். பின்னலாக இருந்த துணி தன் எடைக்குச் சற்று இறங்கும். மடிக்காத ஓரம் என்றால் கூரான கத்தரியால் நீளமாக, நிறுத்தாமல் வெட்டினால் போதும். லைனிங் உள்ள கோட்டைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கவரில் கோட் நிறத்தை எழுதி எடுத்து வையுங்கள். 12ஆம் பகுதியில் அது தங்கமாகப் பயன்படும்.

பட்டன்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். கனமான கொம்புப் பட்டன் மெத்தென்ற துணியைத் தன் பக்கம் இழுத்து ஓட்டை போட்டுவிடும். உட்பக்கம் சிறிய தட்டைப் பட்டன் ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் இழுப்பு துணியில் விழாது. வெளிப் பட்டனுக்கும் துணிக்கும் இடையே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, மிஞ்சும் தளர்வில் நூலைச் சுற்றிக் கட்டுங்கள். கோட்டின் தடிமனுக்கு அந்த இடைவெளி தேவை. இல்லாவிட்டால் பட்டன் போட்டதும் துணி குழிந்து நிற்கும்.

7. உடுத்துவது

உடம்போடு ஒட்டும் அடுக்கு வியர்வையை இழுத்து வெளியே தள்ள வேண்டும். தடித்த பருத்தி பனியன் ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பஸ்ஸுக்கு ஓடிப்போய் நின்றதும் முதுகு சில்லிடும். மெரினோ என்கிற மென்மையான கம்பளியில் மெல்லிய பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட் என்பது நல்ல வரிசை.

ரயிலில் ஏறும்முன் பட்டனைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். மூடிய கோட்டோடு அரைமணி நேரம் உட்கார்ந்தால் உள்ளே வியர்வை, இறங்கியதும் நடுக்கம், போதாக்குறைக்கு அக்குளில் ஈரமும் உரசலும். மேலே சொன்ன மூன்றில் இரண்டு அங்கேயே சேர்ந்துவிட்டன; உடம்புச் சூடு மூன்றாவது. பழைய கோட்டுகளில் அக்குள் மட்டும் கட்டி தட்டி இருப்பது இதனால்தான்.

முதுகுப்பையும் அதே வேலையைச் செய்யும். லேப்டாப் பையைத் தினமும் இதன் மேல் மாட்டினால் தோளிலும் இடுப்புக்கு மேலும் துணி தேய்ந்து பொறுக்கெழும்பும். கைப்பிடியில் தூக்கும் பை, அல்லது குறைந்தபட்சம் வழவழப்பான பட்டை உள்ள பை. முதுகுப்பைதான் வேண்டும் என்கிறவர்கள் அலுவலக நாட்களுக்கு வேறு ஜாக்கெட் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

தூறலும் பனித்தூவலும் பிரச்சினை இல்லை. கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. விடாத மழைக்கு இது ஆகாது. நனைந்து கனத்தால் தோளிலிருந்து கீழே இழுபடும்.

தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே பருத்தி ஸ்கார்ஃப் இல்லாமல் கோட்டைப் போடாதீர்கள். நம் வீடுகளில் கோட் அழுக்காவது பெரும்பாலும் காலரிலிருந்துதான். ஸ்கார்ஃபை வாரம் ஒருமுறை துவைக்கலாம், கோட்டை முடியாது.

8. வீட்டுக்குள் நுழைந்ததும்

பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். சாவியும் போனும் உள்ளேயே கிடந்தால் பாக்கெட் வாய் தொங்கிவிடும். அகலமான தோள் உள்ள மர ஹேங்கரில் மாட்டுங்கள். ஆணியிலோ கொக்கியிலோ காலர் வளையத்தால் இரவெல்லாம் தொங்கினால் முதுகில் கூம்பு விழும்.

நனைந்திருந்தால் ஹேங்கரே வேண்டாம்; டவலில் பரப்பிவிடுங்கள். ஹீட்டர் மேல் போடாதீர்கள். ஓர் இரவில் காய்ந்துவிடும்தான், ஆனால் துணி விறைத்துச் சொரசொரப்பாகிவிடும்.

காய்ந்த பிறகு, இயற்கை மயிர் பிரஷால் காலரிலிருந்து கீழ்நோக்கி நீள நீளமாகத் துலக்குங்கள். வாரம் ஒருமுறை போதும். தூசி இழைகளுக்குள் இறங்கிவிட்டால் நடக்கும்போதெல்லாம் உள்ளிருந்து அராவும். ஈரத்தில் மட்டும் பிரஷ் வைக்காதீர்கள்.

இப்போது வாசனை. கடுகு தாளிப்பும் மீன் குழம்பும் கம்பளிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்கு மூக்கு பழகிவிடும், பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். கோட் மாட்டும் இடமும் அடுப்பும் ஒரே நடையை ஒட்டி இருக்கும் வீட்டில், தாளிக்கும்முன் கோட்டைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஏறிவிட்ட வாசனைக்குச் சென்ட் அடிக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து மோசமாகும். பால்கனியில் ஈரப்பதமான, மழை படாத இரவுக் காற்றில் தொங்கவிடுங்கள். கம்பளி ஈரத்தை வாங்கி வாங்கி விடும்போது வாசனையும் கூடவே இறங்கும். பால்கனி இல்லாதவர்கள் குளித்து முடித்த ஆவி நிற்கும் குளியலறையில் கொஞ்ச நேரம் மாட்டி, பிறகு ஜன்னலைத் திறந்துவிடலாம்.

9. கறைகள்

எந்தக் கறைக்கும் முதல் வேலை ஒற்றி எடுப்பது. தேய்ப்பது அல்ல. ஈரத் துணியால் தேய்த்தால் கறை போகாவிட்டாலும் அந்த இடம் கட்டிப்பட்டுத் தடமாக நின்றுவிடும்.

எண்ணெய், நெய்: டிஷ்யூவால் ஒற்றி, சோளமாவைத் தூவி, இரவு விட்டு, காலையில் துலக்குங்கள்.

மஞ்சள்: இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறோம். சோப்புக் கட்டியைப் போட்டவுடன் கறை சிவப்பாக மாறும், ஏனென்றால் காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் திரும்பும். சோப்பு கம்பளிக்கும் ஆகாது. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் கம்பளிக்கான லிக்விடை ஒரு சொட்டு விட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். துணி மஞ்சளை வாங்க வாங்க, சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். கறை உள்ள இடம் மட்டும் வெயிலில் படும்படி ஜன்னலோரம் வையுங்கள், இல்லாவிட்டால் கோட்டின் சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

சாலையில் தூவும் உப்பு கீழ் ஓரத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். காய்ந்ததும் துலக்கி, மீதியை ஈரத் துணியால் ஒற்றினால் போய்விடும்.

10. அலசியே ஆக வேண்டும் என்றால்

ஒரு குளிர்காலத்துக்கு ஒருமுறை, சீசன் முடிவில் போதும். கை படம் உள்ள, லைனிங் இல்லாத கோட்டுக்கு மட்டும் இது. லைனிங் உள்ளதை ட்ரைகிளீன்காரரிடம் கொடுங்கள். கம்பளி ஒரு அளவும் லைனிங் இன்னொரு அளவும் சுருங்கி, கோட் கோணிக்கொள்ளும்.

முன்கூட்டியே வேண்டியவை: டேப், பெரிய தொட்டி, குழந்தைகளைக் குளிப்பாட்டும் தெர்மாமீட்டர், கம்பளிக்கென்றே உள்ள லிக்விட், நான்கு பெரிய டவல். சாதாரணச் சோப்புத்தூளில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் இருக்கும். கம்பளியே புரதம் என்பதால் அது கோட்டையும் கரைக்கும்.

முதலில் முதுகு நீளம், மார்பகலம், கை நீளம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பிறகு எவ்வளவு சுருங்கியது என்றே தெரியாமல் நிற்பார்கள். கொம்பு, மரப் பட்டன்களைக் கழற்றிவிடுங்கள், ஊறினால் பிளக்கும்.

தொட்டியில் 30 டிகிரி நீரை நிரப்பி, லிக்விடைக் கலக்கி, அதன் பிறகு கோட்டை இறக்குங்கள். குழாயைக் கோட்டின் மேல் திறந்துவிட்டால் விழும் நீரின் அடியே அசைவு ஆகிவிடும். உள்ளங்கையால் அமுக்கி விடுங்கள், அவ்வளவுதான். கசக்க வேண்டாம். பத்து நிமிஷத்துக்குள் முடித்து, அதே 30 டிகிரி நீரில் இரண்டு முறை அலசுங்கள். வெதுவெதுப்பான நீரிலிருந்து பச்சைத் தண்ணீருக்குத் திடீரென்று மாற்றாதீர்கள்.

தூக்கும்போது இரு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். ஈரக் கம்பளிக்குப் பலம் குறைவு; காலரைப் பிடித்துத் தூக்கினால் கோட் நீளும். முறுக்கிப் பிழியாமல், டவலில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அமுக்குங்கள். காய்ந்த டவலில் விரித்து, எழுதி வைத்த அளவுக்குக் கையால் மெல்ல இழுத்துச் சரிசெய்யுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் இது நடக்கும். தினமும் திருப்பிப் போட்டால் இரண்டு மூன்று நாளில் காயும்.

இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். ஈரத் துணியை மேலே போட்டு, பெட்டியைத் தொட்டும் தொடாமலும் ஆவி மட்டும் இறங்கும்படி காட்டுங்கள்.

11. கோடைக்கு எடுத்து வைப்பது

அந்துப்பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அதன் புழுதான் தின்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள இடத்தை அது தேடிப் போகும். அதனால் அழுக்குக் கோட்டை எடுத்து வைப்பதுதான் முதல் தவறு. அலசி அல்லது ட்ரைகிளீன் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு, ஜிப் உள்ள இறுக்கமான பையில் வையுங்கள். லாவெண்டரும் சீடர் கட்டையும் வாசனைக்கு நல்லது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யாது. புழுவுக்கு இருட்டும் அமைதியும் வேண்டும், ஆகவே ஜூலையில் ஒருமுறை வெளியே எடுத்து உதறித் துலக்குங்கள்.

சந்தேகம் வந்தால் ஃப்ரீசர். கோட்டை மடித்துப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருந்தால் காற்றின் ஈரம் துணியில் படியாது.

கடையில் கிடைக்கும் ஒட்டும் பொறியில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும். வீட்டில் பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது உதவும், ஒழிக்க உதவாது. ஜெர்மனியில் ‘ஷ்லுப்வெஸ்பன்’ என்று அட்டையில் ஒட்டி விற்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் பூச்சியின் முட்டைக்குள் தங்கள் முட்டையை இட்டு அழித்துவிடும். மனிதரைக் கொட்டாது. அட்டையைச் சொன்ன இடைவெளியில் மாற்றிக்கொண்டே வர வேண்டும், ஒரே அட்டையோடு நிறுத்தினால் அடுத்த தலைமுறை தப்பிவிடும்.

12. சிறு ஓட்டையை அடைப்பது

ஊசி நூல் வேண்டாம். தைத்தால் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். கைவேலைக் கடையில் ஃபெல்டிங் ஊசி வாங்குங்கள். அதன் நுனிக்கு மேலே நுண்ணிய வெட்டுகள் இருக்கும். குத்தும்போது இழைகளைப் பிடித்து உள்ளே தள்ளி மாட்டவைக்கும். வெந்நீர் இல்லாமல், அசைவை மட்டும் வைத்து அந்தச் சிறிய இடத்தில் துணியை மறுபடி உண்டாக்குகிறோம்.

எடுத்து வைத்த துண்டிலிருந்து கொஞ்சம் பஞ்சாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்சை வைத்து, மேலே பஞ்சை ஓட்டையைவிடச் சற்று அகலமாகப் பரப்பி, நேர் செங்குத்தாகக் குத்துங்கள். சாய்த்துக் குத்தினால் ஊசி முறியும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். அவ்வப்போது துணியை ஸ்பாஞ்சிலிருந்து பிரித்தெடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். பிறகு திருப்பிப் போட்டு உட்பக்கத்திலும் கொஞ்சம். விரலை ஊசிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்; அந்த வெட்டுகள் சதையையும் விடாது. முடிந்ததும் ஈரத் துணி வைத்து ஆவி காட்டித் துலக்குங்கள். எந்த இடம் என்று நீங்களே தேட வேண்டியிருந்தால் சரியாக வந்திருக்கிறது. பஞ்சு இன்னும் மேடாகத் தெரிந்தால் மறுபடி குத்துங்கள்.